கோச்சியா, சொகுசு பஸ்ஸா? பெர்மிட்டைத் திறந்துவிட்டால் வன்னிக்கு என்ன கிடைக்கும்

வன்னியிலுள்ள கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போக இரண்டு வழி. ஒன்று கோச்சி, மற்றது ஏ9 வீதியில் இரவில் ஓடும் சொகுசு பஸ். (ஆங்கிலேயன் பஸ்ஸைக் கோச் என்பான், நாங்கள் ரயிலைக் கோச்சி என்போம்.)

1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. மூன்றாம் வகுப்பு மலிவு, ஆனால் நேரம் அது வைத்ததுதான். பஸ் ஆளைத் தேடி வரும். சரி, காசு? நான் கிளிநொச்சியில் ஏறிய ஒரு சொகுசு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கட்டணத்தையே முழுதாக வாங்கினார்கள். கேட்டால், "சீற் அங்கேயிருந்து சும்மா வந்தது அண்ணை" என்றார் நடத்துநர். 2023இல் பாதைத் திருத்த வேலைக்காக அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் மாதக்கணக்காக ரயில் நின்றபோது, இப்படிக் கேட்கிற துணிவும் எங்களுக்குப் போய்விட்டது.

மாகாணம் விட்டு மாகாணம் போகிற பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பெர்மிட் வேண்டும். எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதால், பஸ்ஸைவிடப் பெர்மிட்டுக்கே மவுசு. இதைத் திறந்துவிடு என்கிறவர்கள் ஜேர்மனியைக் காட்டுவார்கள். ரயிலைக் காக்க 1930களில் தூரப் பயண பஸ்களுக்குப் போட்ட தடையை அங்கே 2013 ஜனவரியில் நீக்கினார்கள். கம்பனிகள் குவிந்தன, கட்டணம் விழுந்தது, ரயிலும் மலிவு டிக்கெட்டை இறக்கியது. அப்புறம்? 2015இல் பெரிய கம்பனிகள் இரண்டும் ஒன்றாகின, அடுத்த ஆண்டு அஞ்சல் நிறுவனத்தின் பஸ்களும் அதனிடமே போயின. கடைசியில் சந்தையில் பெரும்பங்கு ஃபிளிக்ஸ்பஸ் என்ற அந்த ஒரு கம்பனியின் கையில்.

எங்களுக்கு உறைக்க வேண்டியது பிரித்தானியாவின் கதை. 1980 ஒக்டோபரில் திறந்துவிட்டதும் பெரு நகரங்களுக்கிடையே கட்டணம் பாதியாகும் அளவுக்குப் போட்டி. பஸ்கள் நெடுஞ்சாலையைப் பிடித்து விரைய, வழியிலிருந்த சிறு ஊர்களின் நிறுத்தங்கள் பல போயின. ஏ9இல் உள்ள புளியங்குளம், மாங்குளம், பரந்தன் என்று நீங்களே பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முறிகண்டியைப் பாருங்கள். பஸ் நிற்கும், சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார், அதற்குள் ஒரு சரை கச்சான் கைமாறும். வேகம்தான் போட்டி என்றானால் அந்தப் பத்து நிமிடம் முதலில் போகும். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார், கச்சான் விற்கிற அம்மா?

முல்லைத்தீவின் கதை வேறு. அங்கே தண்டவாளமே இல்லை, மாங்குளம் ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பஸ் கட்டணத்தை இழுத்துப் பிடிக்க ரயில் இல்லாத இடத்தில் போட்டியும் சீக்கிரம் களைத்துவிடும்.

என் தெரிவு: பெர்மிட் எண்ணிக்கையைத் தளர்த்தட்டும். ஆனால் ஏ9இல் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸும் மாங்குளத்தில் நின்று, ஏறியவரிடம் அங்கிருந்து கொழும்புக்கான காசை மட்டும் வாங்க வேண்டும் என்று பெர்மிட்டிலேயே எழுதட்டும். விடியற்காலை ரயிலுக்கு முல்லைத்தீவிலிருந்து ஓர் இணைப்பு பஸ்ஸும் விடட்டும்.