120 விநாடியா, ஒரு நாளா?

திருமலையில் (திருகோணமலையில்) கடல் நிலவரம் சொல்லும் எங்கள் இணையதளத்துக்கு முன்னால், பக்கங்களின் நகலை வைத்திருந்து கொடுக்கும் வார்னிஷ் என்ற மென்பொருள் ஓடுகிறது. பின்னாலுள்ள சேர்வர் காலாவதி நேரம் எதுவும் சொல்லாதபோதுதான் வார்னிஷின் டிஃபோல்ட் டிடிஎல், அதாவது நகலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற அளவு, வேலைக்கு வரும். வழக்கமான அளவு 120 விநாடி. அது முடிந்த பிறகும் பழைய நகலைக் கொடுக்க விடும் கிரேஸ் 10 விநாடி. அப்படியே விட்டால் சேர்வருக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

டிடிஎல்லை 86400 விநாடி, அதாவது ஒரு நாள், ஆக்கினால் பக்கங்கள் பறக்கும். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில், விடியற்காலை எச்சரிக்கை மாறிய பிறகும், கொட்டியாரக் குடாவில் படகு இறக்கப் போகிறவர் கையில் நேற்றைய 'கடல் அமைதி' இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும், பழைய நகலை அழிக்கச் சொல்லும் பேர்ஜ் கட்டளையை அனுப்பலாம்தான். ஒருநாள் மறந்தாலும் ஆபத்து உயிருக்கு.

நான் 120-ஐயே வைத்திருக்கிறேன். படங்களுக்கு மட்டும் சேர்வரிலேயே, நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோலில் ஒரு நாள் கொடுத்தாயிற்று. வார்னிஷ் அதையே எடுத்துக்கொள்ளும்.