வட்டக்கானல் டீக்கடைச் சுவருக்கு வந்த உலக வரைபடம்: வாங்கலாமா?

இது இரண்டு தாள் உள்ள சுவர் வரைபடம். அடித்தாளில் ஏழு கண்டங்கள், மலைகள், ஆறுகள், நாட்டு எல்லைகள். அதன்மேல் ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் தாள் ஒன்று. அதில் உலகத்தை 16 பண்பாட்டு வட்டாரங்களாகப் பிரித்து வெளிர் வண்ணம் பூசியிருக்கிறார்கள். மேல்தாளைச் சுருட்டிக் கம்பில் மாட்டினால் வெறும் கண்டங்கள். இறக்கிவிட்டால் அதே இடத்தில் பண்பாடுகள். கூடவே தமிழில் ஒரு கையேடு. ஆறடிக்கு நாலடி, விலை 1,450 ரூபாய், ஆன்லைனில் வாங்கினோம். கூரியர்காரர் கொடைக்கானல் டவுனைத் தாண்டி வர மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்காரர்தான் போய் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

டீக்கடைக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். டால்பின் நோஸ் போகிற பாதையில் எங்கள் கடை. பின்னால் வாடகைக்கு விடுகிற இரண்டு அறை. வட்டக்கானலுக்குக் குட்டி இஸ்ரேல் என்று பட்டப்பெயரே உண்டு. ராணுவ சேவையை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் இஸ்ரேல் பிள்ளைகள் வருடா வருடம் வந்து தங்குவார்கள். அவர்கள் தவிர ரஷ்யா, பிரான்ஸ், அர்ஜென்டினா, துருக்கி என்று யார் யாரோ வருகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து இஞ்சி டீயும் பிரெட் ஆம்லெட்டுமாகப் பொழுதை ஓட்டுவார்கள். எனக்கு இருக்கிற அரைகுறை இங்கிலீஷில் எவ்வளவு நேரம் பேச முடியும்? சுவரில் ஒரு படம் இருந்தால் விரலால் பேசிக்கொள்ளலாமே என்றுதான் வாங்கினேன். பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கும் உதவும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்த படத்தில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும். மெர்கேட்டர் என்பவர் 1569இல் மாலுமிகள் திசை பிடிப்பதற்காகப் போட்ட முறை அது. துருவத்துக்குப் பக்கத்தில் போகப் போக எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கிக் காட்டும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு. இந்தப் படத்தின் ஓரத்தில் ஈக்வல் எர்த் முறை என்று அச்சிட்டிருக்கிறது. 2018இல் வந்த முறை, பரப்பளவு சரியாகத் தெரியும்படி வரைவது. ஆப்பிரிக்கா அதற்குரிய இடத்தை எடுத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. ஐரோப்பா எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்துவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரப் பையனே சிரித்தான்.

அப்புறம் அந்த இரண்டு தாள் யோசனை. இது நிஜமாகவே நல்ல யோசனை. இஸ்ரேல் பிள்ளைகளில் ஒருத்தன் தன் ஊரைத் தொட்டுக் காட்டினான். அடித்தாளில் அது ஆசியா, இந்தியாவுக்கும் அதே மஞ்சள். மேல்தாளை இறக்கினால் மொராக்கோ, எகிப்திலிருந்து ஈரான் வரை ஓடும் ஒரு பச்சைப் பட்டைக்குள் வந்துவிடுகிறது. "ஆனால் கால்பந்து ஐரோப்பாவோடுதான் ஆடுகிறோம்" என்றான். 1994 முதல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தில்தான் அவர்கள் உறுப்பினராம். ஆஸ்திரேலியா 2006இல் ஆசியச் சங்கத்துக்கு மாறிக்கொண்டது. தரை ஒரு கணக்கு, ஆள் ஒரு கணக்கு, பந்து ஒரு கணக்கு. மெக்சிகோவும் இப்படித்தான்: கீழே வட அமெரிக்கா, மேலே லத்தீன் அமெரிக்கா.

இஸ்தான்புல்லிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அந்த இடத்தில் பாஸ்பரஸ் நீரிணை மயிரிழை தடிமனில் நீலக்கோடாக ஓடுகிறது, அதன் மேற்கே ஐரோப்பா, கிழக்கே ஆசியா. விரலை வைத்தாள், நுனி இரண்டு கண்டத்தையும் மூடிவிட்டது. வீடு ஆசியப் பக்கம், வேலை ஐரோப்பியப் பக்கமாம். தினமும் காலையில் படகில் இருபது நிமிடம், டீ குடித்துக்கொண்டே போய்விடலாம் என்றாள். நாங்கள் பஸ் ஏறி பெருமாள்மலை போய்வருவதற்குள் அவள் இரண்டு தடவை கண்டம் மாறிவிடுவாள்.

ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் எங்கே என்று பேத்தி தேடினாள். கிடையாது. யூரல் மலை, யூரல் ஆறு, காஸ்பியன், காகசஸ் என்று புள்ளி வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பழங்காலக் கிரேக்கர்கள் டான் ஆற்றை எல்லையாக வைத்திருந்தார்கள், 18ஆம் நூற்றாண்டில்தான் யூரலுக்கு நகர்த்தினார்கள் என்று கையேடு சொல்கிறது. கையேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். ரஷ்யாவின் நிலத்தில் முக்கால் பங்கு ஆசியாவில், மக்களில் முக்கால் பங்கு ஐரோப்பாவில்.

கண்டம் எத்தனை என்பதிலேயே ஒருநாள் சண்டை வந்துவிட்டது. பேத்தி பாடப்புத்தகத்தில் ஏழு. அர்ஜென்டினாக்காரர் ஆறு என்றார். அவர்கள் பள்ளியில் அமெரிக்கா முழுவதும் ஒரே கண்டம். ரஷ்யக்காரரும் ஆறு என்றார், ஆனால் அவர் கணக்கில் அமெரிக்கா இரண்டு, ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யூரேசியா என்று ஒன்று. ஒலிம்பிக் கொடியில் வளையம் ஐந்துதான், ஆள் குடியிருக்கிற கண்டங்களுக்கு மட்டும். "அப்பத்தா, பரீட்சையில் எதை எழுத?" என்றாள். ஏழு என்று எழுது, மார்க் அதற்குத்தான். இந்த விஷயத்தைக் கையேட்டில் அரைப் பக்கம் சொல்லியிருக்கலாம், ஒரு வரிகூட இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம்.

பெரிய குறை ஆப்பிரிக்கா. அடித்தாளில் அவ்வளவு பெரிதாகக் காட்டிவிட்டு, மேல்தாளில் சகாராவுக்குத் தெற்கே முழுவதும் ஒரே காவி வண்ணத்தை இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு நாலு வட்டாரம், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு ஒன்று! உலக மொழிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேசப்படுகிற கண்டம் அது. எத்தியோப்பியாவுக்கு என்று சொந்த எழுத்து இருக்கிறது, 13 மாதம் உள்ள சொந்த நாட்காட்டி இருக்கிறது. சான்சிபார் பக்கத்துச் சுவாகிலிக் கரை அரபு வணிகரும் குஜராத்தி வணிகரும் வந்துபோய்க் கலந்த இடம். மாலியில் திம்புக்து என்ற ஊரில் பழைய அரபு எழுத்துச் சுவடிகள் குவிந்து கிடக்கின்றன. இதெல்லாம் ஒரே காவியா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

தெற்காசியாவுக்கும் அதே கதி. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி, இலங்கை வரை ஒரே வண்ணம். கையேட்டில் அரிசி, கிரிக்கெட், புடவை, சினிமா என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். பழனி மலையை எடுத்துக்கொண்டாலே பளியர், புலையர், மேல்மலை விவசாயிகள், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து ஜனங்கள் என்று எத்தனை பேர். 1845இல் மதுரையிலிருந்து ஏறிவந்து கொடைக்கானலில் பங்களா கட்டிய அமெரிக்க மிஷன்காரர்களின் கல்லறைகள்கூட இங்கே உண்டு. ஆறடித் தாளில் அதையெல்லாம் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இந்த வண்ணத்துக்குள் இன்னும் நிறைய உண்டு" என்று ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்து அம்மா ஒருநாள் கடைக்கு வந்திருந்தார். நிறைய நேரம் நின்று பார்த்தார். திபெத், லடாக், சிக்கிம், பூட்டான் எல்லா இடத்திலும் ஒரே வழிப் பௌத்தம், ஒன்றுக்கொன்று உறவான மொழிகள், அதே வெண்ணெய் டீ. வரைபடமோ இமயமலை மேலேயே கத்தி வைத்த மாதிரி வடக்கைக் கிழக்காசியாவிலும் தெற்கைத் தெற்காசியாவிலும் போட்டுவிட்டது. "மலைதான் எங்க ஊரு, அதை ரெண்டாக்கிட்டாங்க" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

கடலை மறந்ததும் எனக்கு ஆகவில்லை. மேல்தாளில் வண்ணம் எல்லாம் நிலத்துக்குத்தான், கடல் சும்மா கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கினார்கள், பெயரின் கடைசியில் கோவெண்டர். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போனதே, அந்த வழியில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழ் வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம். பழனிக்குப் போய்விட்டுத்தான் மேலே வந்தார்கள். அவர்களை இந்தப் படத்தில் எங்கே தேடுவது? அன்றைக்கே என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து டர்பன், மொரீசியஸ், ரீயூனியன், பினாங்கு, சிங்கப்பூர், பிஜி எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு ஒட்டினேன். இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வரிசையாக அமர்ந்துவிட்டது, பிஜி மட்டும் பசிபிக்கில் தனியாக. படத்தில் இப்போது எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பொட்டு ஒட்டுவது பேத்திக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து வந்த பையைக் கொட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கண்டத்துச் சரக்கு என்று கறுப்புப் பொட்டு வைத்தாள். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்கு. பட்டர் ஃப்ரூட்டும் மிளகாயும் மெக்சிகோ பக்கம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டுக்குப் பூர்வீகம் மத்திய ஆசியா. காப்பி எத்தியோப்பியா. வாசலில் நிற்கிற யூகலிப்டஸும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலியா. நம் பக்கத்துச் சரக்கு என்று கடைசியில் மிஞ்சியது மிளகும் ஏலக்காயும். இந்த விளையாட்டைத் தயாரித்தவர்களே யோசித்து ஒரு பொட்டு அட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

அண்டார்டிகா மேல்தாளில் வெள்ளையாகவே இருக்கிறது. அது சரிதான். ஊர்க்காரர் என்று யாரும் இல்லாத கண்டம். 1959இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அமைதியான காரியங்களுக்கு மட்டும், முக்கியமாக ஆராய்ச்சிக்கு. மைத்ரி, பாரதி என்று நம் நாட்டு நிலையங்கள் இரண்டையும் குறித்திருக்கிறார்கள், பேத்திக்குப் பெருமை.

இனி பொருளின் தரம். தாள் கெட்டி, அச்சு தெளிவு, தமிழ் எழுத்துப்பிழை அதிகம் இல்லை. ஆனால் இதைச் செய்தவர்கள் மலையில் குடியிருந்தவர்கள் இல்லை. ஐப்பசி மழையில் பத்து நாள் விடாமல் மூடுபனி ஏறியதும் இரண்டு தாளுக்கும் நடுவே ஈரம் கோத்துக்கொண்டது. பிரித்தால் சப்பென்று ஒட்டி வருகிறது. அப்படிப் பிரித்தபோது மேல்தாளின் மை கொஞ்சம் உரிந்து பாலினீசியாத் தீவுகளில் பாதி போய்விட்டது. ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து மூன்றையும் மூலையாக வைத்த முக்கோணம் என்று கையேடு அழகாக விளக்குகிறது. என் படத்தில் ஒரு மூலை காணோம். மரக்கம்பில் பூஞ்சணம். விற்றவர்களுக்குப் போட்டோ அனுப்பினேன். உலர்ந்த இடத்தில் மாட்டவும் என்று பதில் வந்தது. வட்டக்கானலில் உலர்ந்த இடம் எங்கே என்று அவர்களே வந்து காட்டட்டும்.

இப்போது அடுப்புக்கு எதிர்ச்சுவரில், ராத்திரி இரண்டு தாளுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்து மாட்டுகிறோம். ஒட்டுவது நின்றுவிட்டது. கம்புக்கு வேப்பெண்ணெய் தடவினார் வீட்டுக்காரர்.

தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், நூலகம் வைத்திருப்பவர்கள், நாலைந்து பிள்ளைகள் கூடும் வீட்டுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். ஆப்பிரிக்காவைப் பிரித்து வரைந்து புதுப்பதிப்பு போட்டால் நாலரை. இதிலேயே இரண்டரை அடியில் சின்ன அளவும் 600 ரூபாய்க்கு விற்கிறார்கள், டவுனில் ஒரு வீட்டில் பார்த்தேன். அதில் இஸ்தான்புல் ஒரு புள்ளிதான், மொரீசியஸ் இல்லவே இல்லை. அதற்குப் பள்ளிக்கூட அட்லஸே போதும்.