பச்சை விளக்கு எரிந்தது, பம்ப் ஓடவில்லை: டர்போ வண்டி வைத்திருக்கும் வேலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவில் இருந்து ஆயிலைத் திருப்பி எடுக்கும் ‘ஆயில் ரிட்டர்ன்’ பம்ப்பை மாற்றித் தருவதாகவும், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிக்க டாஷ்போர்டில் ஒரு விளக்கு வைத்துத் தருவதாகவும் கூறி, வேலூரில் உள்ள ஒரு கார் பட்டறை என்னிடம் 18,500 ரூபாய் வாங்கியது. ‘இம்போர்டட்’ என்று சொல்லி அவர்கள் பொருத்தியது, வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் பம்ப். விளக்கு காட்டியதோ பம்ப் ஓடுவதை அல்ல, சாவி ஆனில் இருப்பதை மட்டுமே. வண்டி புகைவிடத் தொடங்கியதும், டர்போவே போய்விட்டது என்று கூறி மேலும் 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். இதே வேலையை வேறு வண்டிகளுக்கும் செய்திருக்கக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். பிரச்சினை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வண்டி ஒரு பழைய மாருதி எஸ்டீம். முன்பு வைத்திருந்தவரே டர்போ பொருத்தியிருந்தார். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக மட்டுமே வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் ரெக்கவரி லாரியில்தான் ஏற்றிச் செல்கிறேன், ஏனெனில் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. இதைச் சொல்லக் காரணம், “சாலையில் ஓட்டக் கூடாத வண்டிக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்?” என்று பட்டறைக்காரர் பிற்பாடு என்னிடமே கேட்டார்.

பெரும்பாலான டர்போ வண்டிகளில் இந்தப் பம்ப்பே இருக்காது. எஞ்சினின் ஆயில் பம்ப் அழுத்தத்தோடு டர்போவுக்குள் ஆயிலை அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் தண்டைத் தாங்கிவிட்டு, காற்றோடு கலந்து நுரைத்து, அழுத்தமெல்லாம் இழந்து கீழே இறங்கும் அந்த ஆயில், விரல் நுழையும் அளவு அகலமான குழாய் வழியாகத் தன் எடையாலேயே, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு டர்போ சம்ப்பின் ஆயில் மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இடமில்லாமல் டர்போவைத் தாழ்வாக வைத்தால், இறங்கும் ஆயிலை உறிஞ்சி மேலே தள்ள ஒரு தனிப் பம்ப் தேவை. போர்ஷே 911 டர்போ போன்ற வண்டிகளில் இந்தப் பம்ப்பை எஞ்சினின் கேம் தண்டே ஓட்டுகிறது. எஞ்சின் ஓடினால் பம்ப்பும் ஓடும். வெளியில் பொருத்தும் மின்சாரப் பம்ப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபியூஸ் போனாலும், மின்சாரத்தை இணைக்கும் ரிலே வேலை செய்யாவிட்டாலும், மண் பாதையில் ஒரு கல் பட்டு ஒயர் அறுந்தாலும் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டர்போவுக்குள் ஆயில் வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி மட்டும் இருக்காது.

டர்போவின் தண்டில் உள்ள சீல்கள், தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட ரப்பர் சீல்கள் அல்ல. அவை பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். உள்ளே ஆயில் நிறைந்தால் அது அந்த வளையங்களைத் தாண்டி ஒரு பக்கம் சைலன்சருக்கும் மறுபக்கம் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் வழியும். நீலப் புகை வருவது அதனால்தான். டர்போவில் எந்தக் குறையும் இல்லாமலேயே டர்போ கெட்டதுபோன்ற அறிகுறிகள் தெரியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும், ஏனெனில் மோசடிக்கு இடம் கிடைப்பதே இந்த இடத்தில்தான்.

என் வண்டியில் முதலில் இருந்தது, பல்சக்கரங்களால் ஆயிலைத் தள்ளும் நல்ல கியர் பம்ப். அந்தப் பம்ப்பின் தண்டின் ஓரத்தில் கசிவு கண்டதால் மாற்றக் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்தபோது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. “இது எரியுற வரைக்கும் நீங்க கவலையே பட வேணாம் சார்” என்றார் பட்டறைக்காரர். பில் கேட்டதற்கு, கணினி ரிப்பேர் என்று சொல்லி வெள்ளைத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார். பழைய பம்ப்பைக் கேட்டதற்கு, அது காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்.

அதன்பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நிமிடங்களுக்கு நீலப் புகை வந்து, பிறகு தானாகவே நின்றுவிடும். தடத்தில் வேகமாக ஓட்டிவிட்டு, ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டில் நிறுத்தியதும் மறுபடி புகை. பச்சை விளக்கு ஒரு நொடிகூட அணைந்ததில்லை. பட்டறைக்கு எடுத்துச் சென்றபோது, டர்போவைக் கழற்றாமலேயே, இன்லெட் குழாயில் விரலை விட்டு ஆயிலைத் தொட்டுக் காட்டி, டர்போவின் உள்பாகமான கோரை மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். டர்போவின் தண்டை நான் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அளவுக்கு மீறிய ஆட்டம் எதுவும் இல்லை. பேரிங் கெட்ட டர்போவில் தண்டு நன்றாகவே ஆடும்.

வீட்டில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, பம்ப்புக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பம்ப்புக்கான ஃபியூஸையும் எடுத்தேன், அப்போதும் எரிந்தது. ஃபியூஸுக்கு முன்னாலேயே, இக்னிஷன் லைனில் இருந்து ஒரு ஒயர் இழுத்து விளக்கில் கொடுத்திருந்தார்கள். சாவி திரும்பியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு விளக்கு தேவையில்லை.

பம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் மேல் இருந்த ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்த தடம் தெரிந்தது. குடியாத்தத்தில் ஸ்பிரேயர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கிய மாத்திரத்தில், “இது மருந்தடிக்கிற மோட்டாராச்சே தம்பி, இதுல எதுக்கு ஆயில் விட்டீங்க?” என்றார். நாலு ஸ்குரூவைக் கழற்றி உள்ளே இருந்த, திரவத்தைத் தள்ளும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஊறிப் பருத்து, ஓரம் சுருண்டிருந்தது. தன் அலமாரியில் இருந்து புதிதாக ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அளவும், துளைகளும், வார்ப்பில் இருந்த எண்களும் அப்படியே ஒத்துப்போயின. புதுப் பம்ப் முழுசாகவே ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் என்றார்.

இந்தப் பம்ப் தண்ணீரில் கலந்த மருந்துக்காகச் செய்யப்பட்டது. டர்போவில் இருந்து இறங்கும் ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வரும். அந்தச் சூட்டையும் ஆயிலையும் சேர்த்துத் தாங்க ‘விட்டான்’ (Viton) எனப்படும் வகை போன்ற ரப்பர் வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்பிரேயர் பம்ப்பின் தலையிலேயே ஒரு பிரஷர் சுவிட்ச் உண்டு. கைப்பிடியை விட்டதும் மருந்து நிற்க வேண்டும் என்பதற்காக, வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் ஏறினால் அது மோட்டாரை நிறுத்திவிடும். காலையில் கெட்டியாக இருக்கும் 20டபிள்யூ-50 ஆயிலை, பட்டறைக்காரர்கள் போட்டிருந்த 6 மில்லிமீட்டர் குழாயில் தள்ளும்போது அந்தச் சுவிட்ச் பம்ப்பை நிறுத்தியிருக்கிறது. ஒயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை முன்பு வைத்துப் பார்த்திருந்ததில், குளிர்ந்த எஞ்சினில் பம்ப் இழுக்கும் கரண்ட் விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்கு இறங்கியதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. சூடேறிய பிறகு புகை வந்ததற்குக் காரணம் பருத்துப்போன அந்த டயாஃப்ரம்.

கண்காணிப்பு என்று யாராவது பணம் கேட்டால், எதைக் கண்காணிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒயரைக் கண்காணிப்பது வேறு, மோட்டாரைக் கண்காணிப்பது வேறு, ஆயில் நகர்வதைக் கண்காணிப்பது வேறு. ஃபியூஸும் ரிலேயும் தாண்டி, பம்ப்பின் பிளக்கில் இருந்து எடுத்த விளக்கு முதல் வகை. அதுகூட என் வண்டியில் இருக்கவில்லை. கரண்ட்டை அளப்பது அடுத்தது: ஆயில் சூடாக இருக்கும்போது பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒருமுறை குறித்து வைத்தால், பிறகு அது குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்றும், கூடினால் அடைப்பு என்றும், பூஜ்யமானால் மோட்டார் நின்றது என்றும் ஊகிக்கலாம். வெளியேறும் குழாயில் பிரஷர் சுவிட்ச் வைப்பவர்களும் உண்டு. ஆனால் சம்ப்புக்குத் திறந்தபடி போகும் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால், எஞ்சினின் சாதாரண ஆயில் சுவிட்ச்சை அங்கே வைத்தால் அது சரியாக வேலை செய்வதில்லை. என் பார்வையில் நம்பத்தக்கது, டர்போவுக்கும் பம்ப்புக்கும் இடையே ஒரு சிறு டப்பாவும் அதற்குள் ஒரு மிதவைச் சுவிட்ச்சும். காரணம் எதுவாக இருந்தாலும், பம்ப் ஆயிலை எடுக்காவிட்டால் மட்டம் ஏறும். ஏறினால் சிவப்பு விளக்கும் பஸ்ஸரும். பிரச்சினை வரும்போது எரியும் விளக்கு என்பதால், சாவியைத் திருப்பியதும் அது ஒருமுறை எரிந்து அணையும்படி வைத்தால் பல்ப் உயிரோடு இருப்பதும் தெரியும். இப்போது இப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டப்பாவைச் செய்தேன். கியர் பம்ப்பும், அகலமான குழாயும் போட்ட பிறகு, கோர் மாற்றச் சொன்ன அதே டர்போ புகையில்லாமல் ஓடுகிறது.

பட்டறைக்காரரிடம் பம்ப்பை எடுத்துச் சென்றபோது, சப்ளையர் ஏமாற்றிவிட்டார் என்றார். விளக்கின் ஒயரையுமா சப்ளையர் மாற்றினார் என்று கேட்டதும், அந்தச் சாலை கேள்வியைப் போட்டார். வண்டி எங்கே ஓடுகிறது என்பது வேறு விஷயம். காசு வாங்கிக்கொண்டு சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருளைக் கொடுத்தது இந்த விஷயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். யுபிஐயில் பணம் போன ரசீது, வெள்ளைத்தாள் கணக்கு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் விளக்கு எரியும் வீடியோ, பழைய டயாஃப்ரம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நோட்டீஸ் கிடைத்த பிறகு பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். முழுப் பணமும் வேண்டும், அதை எழுத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பச்சை விளக்கு உங்கள் வண்டியிலும் இருந்தால், எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, பம்ப்பின் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.