நாய்க்குட்டிக் கடை, மதுரை: சுத்தத்துக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார், மற்றதுக்கு ஒன்று

கடையில் ஏசி ஓடுகிறது, தரை பளிச்சென்று இருக்கிறது, ஊழியர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். தீனி, கழுத்துப்பட்டை, சங்கிலி வாங்க தாராளமாகப் போகலாம். குட்டி வாங்கத்தான் யோசிக்க வேண்டும்.

லேப்ரடார் குட்டி வம்சாவளிப் பேப்பர் இல்லாமல் 9,000 ரூபாய், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரோடு 16,000. பேப்பர் "பின்னாடி வரும்" என்கிறார்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்குத் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணை அங்கேயே ரீடரில் காட்டச் சொல்லி, பேப்பரில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பணம்.

வயது 50 நாள் என்றார்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 50 நாள் என்பதே விதிமீறல். அந்தக் கணக்கும் நம்பும்படி இல்லை. எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28-ம் ஏறக்குறைய வந்திருக்கும். இங்கே உதட்டைத் தூக்கினால் முன் பற்களும் கோரைப் பற்களும்தான், பின்னால் ஈறு வெறுமையாக இருக்கிறது. ஐந்து வாரம்கூட இருக்காது.

தடுப்பூசி அட்டையில் பேனாவால் ஒரு தேதி மட்டும் இருக்கிறது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லை. உண்மையிலேயே போட்டிருந்தாலும், அந்த வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தியே ஊசியை வேலை செய்யவிடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் திரும்பப் போடுவதே சரி.

மூன்று நாள் கேரண்டி தருகிறார்கள். பார்வோ என்ற குடல் வைரஸ் தொற்றிய குட்டி பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் வாந்தி எடுக்கும், ரத்தமாகக் கழியும். சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். கணக்குத் தெரியாமலா மூன்று நாள் வைத்திருப்பார்கள்?

தாயைக் காட்டச் சொன்னால், பண்ணை திருமங்கலம் பக்கம், வெளியாள் வந்தால் இன்ஃபெக்‌ஷன் ஆகிவிடும் என்று பதில். அதில் பாதி உண்மைதான், ஆனால் வீடியோ காலில் தொற்று வராது. அதற்கும் மறுத்தார்கள். கேட்டு வாங்கிய ஒரு போட்டோவில், தாய்க்கு வயிற்றுக் காம்புகள் தொங்கி, முன்னங்கால் முட்டியில் சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து முடி கொட்டிக் காய்ப்பு ஏறியிருக்கிறது. சிமெண்ட் தரையில் அடைத்துவைத்துத் தொடர்ந்து ஈனவைத்தால் நாயின் உடம்பு இப்படி ஆகும். பெட்டை சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் இணை சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து. அதே 2017 விதிகள் 18 மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது, 12 மாதத்துக்கு ஓர் ஈத்து, ஆயுளுக்கு ஐந்து என்கின்றன. எண்ணிப்பார்க்க ஆள்தான் இல்லை. மாநில விலங்கு நல வாரியப் பதிவுச் சான்று சுவரில் எங்கும் காணோம். மாநகராட்சி தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தச் சான்றையும் ஈத்துப் பதிவேட்டையும் கேட்டாலே இப்படிப்பட்ட கடைகளில் பாதி திருந்தும்.

குளிர் நாட்டு நாயான சைபீரியன் ஹஸ்கியும் வைத்திருக்கிறார்கள், மதுரை சித்திரை வெயிலுக்கு! அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ராஜபாளையம் குட்டி கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். எங்கே வாங்கினாலும், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நெருங்கிய ரத்தத்திலேயே சேர்த்தால் அது கூடும். கூடப்பிறந்த குட்டிகளோடு இருந்தால் மற்றதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், அதனால் தனியே எடுத்துவந்து சோதியுங்கள்.