ஒரே ஸ்டாப், இரண்டு கட்டணம்: ஒரு வருஷப் பள்ளி பஸ் அனுபவம்

கலிபோர்னியாவில் எங்கள் வீடு, மகள் படிக்கும் பள்ளியின் டிஸ்ட்ரிக்ட் (அந்த வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எல்லைக்கு இரண்டு தெரு வெளியே இருக்கிறது. போன வருஷம் வீடு மாறினோம். ஐந்தாம் வகுப்பில் பள்ளியையும் தோழிகளையும் விட்டுவிடு என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய, புதிய இரண்டு டிஸ்ட்ரிக்டுகளிலும் பர்மிட், அதாவது எல்லைக்கு வெளியே இருந்து வந்து படிக்க அனுமதி, வாங்கி அங்கேயே தொடர வைத்தோம். எங்களைப் போல வெளியிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பஸ். குறையே சொல்ல முடியாது. 7:22 என்றால் 7:22க்கு வந்து நிற்கும். எங்கள் ஸ்டாப்பில் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துதான் ஏற வேண்டும். ஓட்டுநர் அம்மா சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கையில் ஸ்டாப் பலகையோடு இறங்கி நடுரோட்டில் நிற்பார். கடைசிப் பிள்ளை கடந்த பிறகுதான் திரும்ப ஏறுவார். எட்டாம் வகுப்பு வரை ரோட்டைக் கடக்கும் பிள்ளைகளை இப்படிக் கூட்டிப்போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் ஜனவரி மழையில் மகளின் குடை காற்றில் திரும்பிக்கொண்டபோது, பலகையை இறக்காமலே மற்றக் கையால் அதை மடக்கிக் கொடுத்தாரே, அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

அப்புறம் கட்டணம். எல்லைக்கு உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 420 டாலர், எங்களுக்கு 780. ஏறுவது ஒரே ஸ்டாப்பில், உட்காருவது ஒரே சீட்டில். பஸ்ஸுக்குப் பணம் வாங்கலாம் என்று 1992லேயே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் கட்ட வசதியில்லாத குடும்பத்திடம் வாங்கக் கூடாது. அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஏன் என்று டிஸ்ட்ரிக்டில் கேட்டேன். உள்ளூர்க்காரர்கள் வீட்டு வரியோடு பள்ளிக்கென்று தனி வரியும் கட்டுகிறார்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் என் மகள் வருகைக்கு மாநிலம் தரும் பணமும் இந்த டிஸ்ட்ரிக்டுக்குத்தானே வருகிறது? ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அதிகம்.

அதைவிட வருத்தம் தேதியில். பர்மிட் ஏப்ரலில் கிடைத்தது. பஸ் கட்டணம் இவ்வளவு என்ற கடிதம் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது வந்தது. அதுவும் உள்ளூர்ப் பிள்ளைகள் போக மிச்சமிருக்கும் சீட்தான் எங்களுக்கு. ஒன்பது நாள் காத்திருந்தோம். அத்தனை நாளும் என் கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கொண்டுபோய் விட்டார். பர்மிட்டோடு சேர்த்தே இதைச் சொல்லியிருந்தால் வீட்டுச் செலவில் ஒதுக்கி வைத்திருப்போம்.

இரண்டு தவணையாகக் கட்டலாம் என்பதும் நான் போன் செய்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. பர்மிட் வாங்கும் அன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, தவணை உண்டா, சீட் எப்போது உறுதியாகும்.

பஸ்ஸுக்கும் ஓட்டுநருக்கும் ஐந்துக்கு ஐந்து. கட்டண முறைக்கு இரண்டு. இந்த வருஷத்துக்கும் முதல் தவணை கட்டியாகிவிட்டது. மகள் அதே ஓட்டுநர்தானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.