நான்கா, ஐந்தா? பாடீஸ் பப்பின் இரண்டு சீசன்கள்

'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவருக்கு ரசிகர்கள் தரும் முதல் அறிவுரை, முதல் சீசனில் ஆரம்பிக்காதே என்பதுதான். சரி, எங்கேதான் ஆரம்பிப்பது என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு 2008-இல் வந்த நான்காவது சீசன். இன்னொரு கட்சிக்கு 2009-இல் வந்த ஐந்தாவது. நான் ஐந்தாவது பக்கம். நான்காவது சளைத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு எபிசோடைச் சொல்லச் சொன்னால் நான்காவது சீசனிலிருந்துதான் எடுப்பேன். ஒரு முழு சீசனைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னால்தான் கை ஐந்தாவதுக்குப் போகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஈ ஓட்டும் ஒரு பார், பெயர் பாடீஸ் பப். நடத்துகிறவர்கள் மேக், டென்னிஸ், சார்லி. டென்னிஸின் இரட்டைச் சகோதரி டீ அங்கேயே வேலை பார்க்கிறாள். இரண்டாவது சீசனிலிருந்து டென்னிஸ், டீ இருவருக்கும் அப்பாவாக ஃபிராங்க் வந்து ஒட்டிக்கொள்கிறார். ஐந்து பேரும் கடைந்தெடுத்த சுயநலக்காரர்கள். யாரும் திருந்த மாட்டார்கள், எதிலிருந்தும் பாடம் கற்க மாட்டார்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு தில்லுமுல்லு தொடங்கி, கைமீறி, அவர்கள் தலையிலேயே விழும். பாரில் வியாபாரம் பார்த்த காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் இரண்டு சீசன்களை ஏன் தள்ளுகிறேன் என்று ஒரு வார்த்தை. 2005-இல் வந்த முதல் சீசன் 7 எபிசோடுதான். காசில்லாமல் எடுத்தது கண்ணுக்குத் தெரியும். டீக்கு அதில் வேலையே இல்லை, மற்ற மூவரின் கூத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆளாகவே நிற்கிறாள். பார்வையாளர்கள் குறைவாக இருந்ததால், தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று எஃப்எக்ஸ் சேனல் கேட்டது. அப்படித்தான் 2006-இல் டேனி டெவிட்டோ ஃபிராங்காக உள்ளே வந்தார். அந்த இரண்டாவது சீசனில் நல்ல சரக்கு உண்டு. தேர்தலில் நின்று, விலகிக்கொள்வதற்கு லஞ்சம் கறக்கலாம் என்று திட்டம் போடும் எபிசோடை இன்றைக்கும் அப்படியே ஒளிபரப்பலாம். ஆனால் ஃபிராங்கை எங்கே உட்கார வைப்பது என்று எழுத்தாளர்கள் தடவிக்கொண்டிருப்பது தெரிகிறது. போட்டி நான்குக்கும் ஐந்துக்கும்தான்.

இரண்டும் வந்த நேரத்தைப் பாருங்கள். லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது 2008 செப்டம்பர் 15. நான்காவது சீசன் தொடங்கியது செப்டம்பர் 18. அதாவது எழுதி முடித்து, படம்பிடித்து, பெட்டிக்குள் வைத்த பிறகு உலகம் கவிழ்ந்திருக்கிறது. அந்த சீசனுக்குத் தெரிந்த பொருளாதாரக் கவலை ஒன்றே ஒன்று: அந்தக் கோடையில் கேலன் 4 டாலரைத் தாண்டிய பெட்ரோல் விலை. ஐந்தாவது சீசன் வந்தது 2009 செப்டம்பரில். அதற்குள் வீட்டுக்கடன் சரிவு, பெர்னி மேடாஃப் என்பவரின் முதலீட்டு மோசடி, அரசு வங்கிகளைத் தூக்கி நிறுத்தியது எல்லாம் நடந்து முடிந்திருந்தன. முதல் எபிசோடே வீட்டுக்கடன் நெருக்கடியில் லாபம் பார்ப்பது பற்றி. இந்த ஒரு வருட இடைவெளிதான் இரண்டு சீசன்களின் குணத்தையும் பிரிக்கிறது என்பது என் எண்ணம்.

நேருக்கு நேர் வைக்க இரண்டு எபிசோடுகள் இருக்கின்றன. நான்காவதில் பெட்ரோல் நெருக்கடி. விலை இன்னும் ஏறும், இப்போதே வாங்கிப் பதுக்கி வைத்து வீடு வீடாகப் போய் விற்கலாம் என்று மேக், டென்னிஸ், சார்லி மூவரும் கிளம்புகிறார்கள். திட்டம் தொடங்கும் முன்பே யார் யாருக்கு என்ன வேடம் என்ற சண்டை: ஒருவன் மூளை, ஒருவன் அழகன், ஒருவன் எப்போது என்ன செய்வான் என்றே சொல்ல முடியாத ஆள். மூன்றாவது வேடம் சார்லிக்கு. அவன் அதை அவ்வளவு மனசாட்சியோடு எடுத்துக்கொள்கிறான், வேனின் பிரேக்கை அறுத்து வைத்துவிட்டு, அது ஓடும்போது தானே வெளியே குதிக்கிறான். வேன் போய் மோதுகிறது. சிரிப்புக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் பெட்ரோல் அங்கே ஒரு சாக்குதான். அதற்குப் பதில் வெங்காயம் என்று வைத்தாலும் அந்த எபிசோட் நடக்கும்.

ஐந்தாவதில் பொருளாதார மந்தம். ஃபிராங்கின் பணம் மோசடித் திட்டம் ஒன்றில் மொத்தமாகப் போய்விடுகிறது. தூக்கு மாட்டிக்கொள்ளப் பார்க்கிறார், அதுவும் சரியாக வரவில்லை. இன்னொரு பக்கம் டென்னிஸும் மேக்கும் பாடீஸ் டாலர் என்று சொந்தமாக நோட்டு அடித்து வாடிக்கையாளர்களுக்கு விநியோகிக்கிறார்கள். அந்த நோட்டு பாரில் மட்டும் செல்லும், ஆகவே எல்லோரும் இங்கேதான் குடிக்க வர வேண்டும், ஆகவே பணம் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆகவே இது தானே தன்னைத் தாங்கும் பொருளாதாரம். இதை இருவரும் மாறி மாறி விளக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் எங்கேயோ பத்திரிகையில் படித்த வாக்கியம். ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதுபோலவே கேட்கும். கூட்டமும் வருகிறது, கொண்டாட்டமாகக் குடிக்கிறது, கல்லாவில் அவர்களே அடித்த காகிதம் குவிகிறது. சரக்கு தீர்ந்துவிடுகிறது, உண்மையான காசு ஒன்றுகூட இல்லை. அந்த வருடம் பெரிய வங்கிகளில் கோட் போட்டவர்கள் பேசியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று யாரும் நம்மிடம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதுதான் அழகு. இங்கே வெங்காயத்தை வைத்தால் வேலை நடக்காது.

பார் முதலாளிகளின் தகிடுதத்தம் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டால் ஐந்தாவது சீசன் நெடுகிலும் இதே தரம்தான். ஃபிராங்க் ஜப்தியான வீட்டை வாங்குகிறார், பழைய குடும்பம் உள்ளேயே இருக்கிறது, மேக்கும் டென்னிஸும் ஹ்யூ ஹனி, விக் வினிகர் என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டுத் தரகர்களாகிறார்கள். ஒருவன் இனிப்பாம், ஒருவன் புளிப்பாம். பிறகு பாரின் பெயரில் பொருள்கள் தயாரித்து விற்கும் எபிசோட். பூனை நடக்கும் சத்தம் தாங்கவில்லையா, அதன் கால்களுக்குக் கையுறை மாட்டுங்கள் என்று சார்லி ஒரு விளம்பரம் எடுக்கிறான். எழுதப் படிக்கத் திணறும் சார்லிதான் அந்தக் கூட்டத்திலேயே விற்கக்கூடிய ஒரு பொருளைக் கண்டுபிடித்தவன். கடைசியில் ஐந்து பேரும் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு, அத்தனையையும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பறிகொடுக்கிறார்கள். அந்த வக்கீல் இந்தத் தொடரில் அபூர்வமாக வரும் புத்திசாலி. அவர் வரும் காட்சி எல்லாவற்றிலும் நம் ஆட்கள் வாயைத் திறந்தே தோற்பார்கள்.

டென்னிஸின் பெண்களை மயக்கும் ஆறு படித் திட்டமும் இந்த சீசனில்தான். பலருக்கு இது உச்சம், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு இரண்டும். திட்டம் என்னவென்று பார்த்தால் ஒரு பெண்ணை பயமுறுத்தி, நம்ப வைத்து, கைவிடுவது. டென்னிஸ் அதைக் கரும்பலகைப் பாடம்போல நடத்துகிறான். இதை நம்மால் பார்க்க முடிவதற்கு ஒரே காரணம், எழுத்தாளர்கள் டென்னிஸோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பது. அவன் கழற்றிவிட்ட பெண்களைத் தேற்றுகிறேன் என்று பின்னாலேயே மேக் போயிருக்கிறான், மேக்குக்குப் பின்னால் ஃபிராங்க் நூறு டாலர் நோட்டோடு நின்றிருக்கிறார் என்பது தெரியவரும்போது, தன்னைச் சூத்திரதாரி என்று நினைத்தவன் முகம் போகும் போக்கைப் பாருங்கள். காதலைக்கூட மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் என்று பிரித்துவிட்டார்கள். இதுவும் அதே 2009 புத்திதான்.

இவ்வளவு சொல்லியும் நான்காவது சீசனிடம் இருப்பதற்கு ஐந்தாவதிடம் பதில் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பதற்காக மேக்கும் சார்லியும் ஒரு பெரிய நிறுவனத்தின் தபால் அறையில் வேலைக்குச் சேரும் எபிசோட். சில நாளில் சார்லி தாடியும் புகையும் கலங்கிய கண்ணுமாக, சுவர் முழுக்கக் காகிதங்களை ஒட்டி நூல் கட்டி, தபால்களில் பெயர் வரும் பெப்பே சில்வியா என்று ஒரு ஆளே கிடையாது, இந்த நிறுவனமே ஒரு சதி என்று கத்துவான். மேக் அமைதியாகச் சொல்கிறான்: அவர்கள் எல்லோரும் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள், தபால் வரவில்லை என்று தினமும் கேட்கிறார்கள். தொடரே பார்க்காதவர்களும் அந்தச் சுவர்ப் படத்தை எங்காவது மீமில் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, சீசனின் கடைசி எபிசோடான 'தி நைட்மேன் கமெத்'. சார்லி ஒரு இசை நாடகம் எழுதிக்கொண்டு வருகிறான். மேக்கின் முதல் கேள்வி, இது யாருக்கு எதிராக என்பது. யாரையும் கவிழ்க்காமல் ஒருவன் நாடகம் எழுதுவான் என்பதையே அந்தக் கூட்டத்தால் நம்ப முடியவில்லை. ஒத்திகையில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைத் தனக்குச் சாதகமாக வளைக்கிறார்கள். மேடையில் டீ திடீரென்று நிறுத்தி, சிறுவன்மேல் ஆசைப்படுவது என் பாத்திரம்தான், நான் அல்ல என்று சொந்தமாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். கடைசியில் மஞ்சள் உடையில் சார்லி மேடையில் தோன்றி, சீசன் சீசனாகப் பின்தொடர்ந்த பணிப்பெண்ணிடம் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். மொத்த நாடகமும் அதற்காகத்தான். இந்தப் பணிப்பெண்ணாக வரும் மேரி எலிசபெத் எல்லிஸ் நிஜத்தில் சார்லியாக நடிக்கும் சார்லி டேயின் மனைவி என்பது தெரிந்தால் அந்தக் காட்சி இன்னும் வேடிக்கை. 2009-இல் நடிகர்கள் இதையே மேடை நாடகமாக ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். ஐந்தாவதின் எந்த எபிசோடுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஆனால் இந்த உச்சங்களை ரசிக்க முன்கதை தெரிந்திருக்க வேண்டும், இதுதான் சிக்கல். நாடகத்துக்கு அடிப்படையான நைட்மேன் பாட்டு மூன்றாவது சீசனில் பிறந்தது. பணிப்பெண் விவகாரம் முதல் சீசனிலிருந்து ஓடுகிறது. சீசனைத் தொடங்கும் மனித வேட்டை எபிசோடில் துரத்தப்படும் கிரிக்கெட் என்பவன் ஒரு காலத்தில் பாதிரியார், டீயை நம்பி அங்கியைக் கழற்றித் தெருவுக்கு வந்தவன் என்று தெரியாவிட்டால் பாதி கொடுமை புரியாது. புதியவர் இதில் இறங்கினால், பாதியில் போய்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரிதான்.

பலவீனங்களையும் சொல்லிவிடலாம். ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற சுதந்திர மணியை விரிசல் விட வைத்தது யார் என்று 1776-க்குப் போகும் நான்காவது சீசன் எபிசோட், உடை மாறியதைத் தவிர ஒன்றுமில்லை. மேக்கின் அப்பாவுக்குப் பயந்து செத்ததாக நடிக்கும் இரண்டு பாகக் கதை ஒரு பாகத்துக்கே போதும். அப்புறம், பாருக்கு விளம்பர மாடல் தேடும் நான்காவது சீசனின் மூன்றாவது எபிசோட் பல ஸ்ட்ரீமிங் தளங்களில் இருக்காது. வேற்று இனத்தவர்போல வேஷம் கட்டும் காட்சிகளுக்காக 2020-இல் நீக்கப்பட்ட ஐந்து எபிசோடுகளில் அதுவும் ஒன்று. ஐந்தாவதில் அப்படி எதுவும் நீக்கப்படவில்லை. அதில் எனக்கு அலுப்பு தருவது பணிப்பெண்ணின் கல்யாணம். 2008-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபில்லீஸ் அணி பேஸ்பால் கோப்பையை வென்றதை வைத்துப் பார்க்கிங் அபராத வழக்காக நடக்கும் எபிசோட், அந்த விளையாட்டில் ஆர்வமில்லாதவருக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம். இருந்தாலும் மேக் தன் அபிமான வீரர் சேஸ் அட்லிக்கு எழுதிய கடிதத்துக்காகவே பார்க்கலாம்.

ஐந்தாவதில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒரு சின்ன விஷயம். மேக்கும் டென்னிஸும் ஒரே வீட்டில் இருந்து பிரியும் எபிசோடில், மேக்கிடம் ஒரு ஆப்பிளைக் கொடுக்கிறார்கள். தோலோடு இருப்பதால் அவன் தொட மாட்டான். தோலில் விஷம் இருக்கிறது, வீட்டில் டென்னிஸ் சீவித் தருவான். அவ்வளவுதான் வசனம். இத்தனை வருடமாக ஒருவனை இன்னொருவன் எப்படிப் பிடியில் வைத்திருக்கிறான் என்பது அந்த ஆப்பிளில் வந்துவிடுகிறது. அதே நேரத்தில் டீயின் வீட்டுச் சுவருக்குள் மாட்டிய பூனையை வெளியே கொண்டுவர, சார்லி மேலும் பூனைகளை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறான்.

டீயைப் பொறுத்தவரை இரண்டும் சமம் என்றுதான் சொல்வேன். டீயாக நடிக்கும் கெய்ட்லின் ஓல்சன் இந்தக் கட்டத்தில் உடம்பை வைத்து செய்யும் நகைச்சுவையில் மற்ற நால்வரையும் தாண்டிவிட்டார். ஃபிராங்க் ஐந்தாவதில்தான் முழுதாகக் கட்டறுத்துக்கொள்கிறார்: சோடா டப்பாவில் ஒயின் ஊற்றிக் குடிக்கிறார், குடியை நிறுத்தச் சொல்லி அவருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களும் கடைசியில் டப்பாவும் கையுமாக நிற்கிறார்கள்.

ஆகவே புதியவர் ஐந்தாவதின் முதல் எபிசோடில் தொடங்கி அந்த 12-ஐயும் வரிசையாகப் பார்க்கட்டும். பிடித்துப் போனால் இரண்டாவதுக்குத் திரும்பி மேலே வரலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர் மூன்றாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடை மட்டுமாவது பார்த்துவிட்டு நான்காவதில் கை வைக்கட்டும், பாட்டு அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே எல்லாம் பார்த்தவருக்கு இந்த வரிசை எதற்கு? அவர் இந்நேரம் மறுபடியும் நைட்மேனைப் போட்டிருப்பார்.