குர்குமினா, நீர்ப்பிரம்மியா?

ஐம்பதைத் தாண்டியதும் ஆட்களின் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொள்ள ஆரம்பித்தன. மூளைக்கு நல்லது என்று சொல்லப்படும் மூலிகைகளில் எதையாவது எடுத்துப் பார்க்கலாமே என்று தேடியதில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு: மஞ்சளில் உள்ள குர்குமின், நீர்ப்பிரம்மியில் உள்ள பேக்கோசைடுகள். கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு முதல் சுற்றிலேயே போய்விட்டது. 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2008இல் வந்தது, மறதிநோய் குறையவில்லை.

நான்கு மாதமாக நான் எடுப்பது நீர்ப்பிரம்மி. எனவே இதை நடுநிலை அலசல் என்று நம்ப வேண்டாம்.

அழற்சியைத் தணிக்கும், செல்கள் சேதமாகாமல் காக்கும் என்று இரண்டுக்கும் ஆய்வகத்தில் நல்ல பெயர். சரி, ஆய்வகத்தில் நல்ல பெயர் வாங்காத மூலிகை எது?

எனக்கு முடிவு சொன்னது வேறொரு விஷயம். குர்குமின் மாத்திரை ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கிப் பாருங்கள். கரையாது, கொஞ்சம் மிதக்கும், மிச்சம் அடியில் தங்கும், டம்ளர் ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. வயிற்றுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான். உடம்பில் சேரும் கொஞ்சத்தையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். இதற்குத்தான் மிளகிலுள்ள பைப்பெரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியதாக 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லீரலின் கையைக் கட்டிப்போட்டுத்தான் பைப்பெரின் இதைச் சாதிக்கிறது. கட்டிய கை குர்குமினுக்கு மட்டும் கட்டப்பட்டிருக்காதே! வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவற்றின் ரத்த அளவும் பைப்பெரினால் கூடுவதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் எச்சரிக்கைகள். தினமும் வேறு மாத்திரை விழுங்குகிற எனக்கு இது ஒத்துவராது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எளிதில் உறிஞ்சப்படும் வடிவில் 90 மில்லிகிராம் குர்குமினைத் தினம் இருவேளை 18 மாதம் கொடுத்த 2018 அமெரிக்க ஆய்வில் நினைவாற்றல் மேம்பட்டது. கலந்துகொண்டவர்கள் 40 பேர்தான்.

நீர்ப்பிரம்மிக்கும் பெரிய ஆய்வு கிடையாது. ஆனால் 300 மில்லிகிராம் சாற்றைத் துணைக்கு எதுவும் சேர்க்காமல் 12 வாரம் கொடுத்த சிறு ஆய்வுகளில், படித்ததைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வது மேம்பட்டிருக்கிறது. மறதிநோயைத் தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நானும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். வல்லாரையையும் சிலர் பிரம்மி என்றே விற்கிறார்கள். அது வேறு செடி. லேபிளில் பக்கோப்பா மொன்னியேரி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் வாரம் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டலில் அவதிப்பட்டேன். சாப்பிட்ட பிறகு போட்டதும் சரியாகிவிட்டது. பெயர்கள் இப்போது கொஞ்சம் சீக்கிரம் வந்து விழுவதாகத் தோன்றுகிறது. ஆனால் இதே நான்கு மாதமாகத்தான் இரவில் நேரத்துக்குத் தூங்கவும் ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த மாதம் தூக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.